முதுமையில் மணம் அறியும் உணர்வு குறைவது ஏன்?

கண்பார்வை மங்கினால் கண்ணாடி தேடப்படுகிறது. காது மந்தமானால் குடும்பத்தினரே மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். மணம் அறியும் உணர்வு குறையும்போது மட்டும் பெரும்பாலும் எவரும் எதுவும் செய்வதில்லை. கறியில் சுவை இல்லை என்று வீட்டு முதியவர் கூறுகிறார். சமைத்தவர் மனம் வருந்துகிறார். "வயதாகிவிட்டது" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

வயது உண்மையிலேயே ஒரு காரணந்தான். ஆனால் அது ஒன்றே காரணமன்று. மூக்கடைப்பு, வைரசுத் தொற்று, தலையில் பட்ட அடி, சில மருந்துகள், நரம்பு மண்டல நோய்கள் எனப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் சில சிகிச்சையால் குணமாகக்கூடியவை. சில, வேறொரு நோயின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடியவை. மேலும், வீட்டில் எரிவாயு கசிவதையும், அடுப்பில் உணவு கருகுவதையும், பழைய கறி கெட்டுப்போனதையும் முதலில் அறிவிப்பது மூக்கே. ஆகவே இக்குறையை வயதின்மேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது நல்லதன்று. காரணத்தைக் கண்டறிய முயல வேண்டும். அதுவரை மூக்கு செய்துவந்த காவலை வேறு வழியில் செய்துகொள்ளவும் வேண்டும்.

மணம் எவ்வாறு உணரப்படுகிறது

மூக்கின் உட்புறத்தில், இரு கண்களுக்கும் இடைப்பட்ட உயரத்தில், ஒரு தபால் முத்திரை அளவே உள்ள மெல்லிய சவ்வுப் பகுதி ஒன்று உண்டு. மணம் உணரும் நரம்புக் கலங்கள் அங்கேதான் அமைந்துள்ளன. காற்றில் மிதந்துவரும் நுண்ணிய மணத்துகள்கள் இச்சவ்வில் படியும்போது கலங்கள் தூண்டப்படுகின்றன. மனிதருக்கு ஏறக்குறைய 400 வகையான மண ஏற்பிகள் உள்ளன. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991ஆம் ஆண்டில் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ஆகிய இருவருக்கும் 2004ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தூண்டப்பட்ட கலங்களிலிருந்து மெல்லிய நரம்பு இழைகள், மூக்கிற்கும் மூளைக்கும் இடையிலுள்ள எலும்பின் சிறு துளைகள் வழியே மேலேறி மூளையை அடைகின்றன. நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய மூளைப் பகுதிகளோடு இப்பாதைக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. மல்லிகையின் மணமோ மண்ணில் விழுந்த முதல் மழையின் மணமோ பல ஆண்டுகளுக்கு முந்தைய ஊர் நினைவை நொடியில் கொண்டுவருவது இதனாலேயே.

உணவின் சுவை எனப் பொதுவாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதியும் மணமே. நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாறு போன்றவற்றில் உள்ள 'உமாமி' ஆகியவற்றையே அறியும். மிளகாயின் காரம் சுவையே அன்று. அது முகத்தின் உணர்ச்சி நரம்பு அறியும் எரிவு. கறிவேப்பிலை, பெருங்காயம், வறுத்த சீரகம், ஏலக்காய் ஆகியவற்றை வேறுபடுத்தி அறிவது மூக்கே. உணவை மெல்லும்போது அதன் மணம் தொண்டையின் பின்புறமாக மேலேறி மூக்கை அடைகிறது. அதனால்தான் மணநுகர்ச்சி குறைந்த ஒருவர் "மணம் தெரியவில்லை" என்று கூறாமல், "நாக்கு செத்துப்போய்விட்டது" என்றோ "சாப்பாட்டில் ருசி இல்லை" என்றோ கூறுகிறார். உப்பும் புளியும் காரமும் தெரிகின்றன, ஆனால் ரசத்தின் சுவை மட்டும் தெரியவில்லை என்றால், குறை நாக்கில் அன்று, மூக்கில்.

வயது செய்யும் மாற்றம்

மணம் உணரும் நரம்புக் கலங்கள் வாழ்நாள் முழுதும் அழிந்து புதிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பவை. முதுமையில் இப்புதுப்பித்தல் தளர்கிறது. பல ஆண்டுகளாகத் தாங்கிய தடிமன், தூசி, புகை ஆகியவற்றின் பாதிப்பும் சேர்ந்துகொள்கிறது. நரம்பு இழைகள் கடந்துசெல்லும் எலும்புத் துளைகளும் சிலருக்குக் குறுகுகின்றன. இம்மாற்றம் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் நிகழ்வதால் உரியவருக்கே தெரிவதில்லை.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பீவர் டாம் என்னும் ஊரில் 53 முதல் 97 வயது வரையான ஏறக்குறைய 2,500 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2002ஆம் ஆண்டில் வெளியாயின. சோதித்துப் பார்த்தபோது அவர்களுள் நான்கில் ஒருவருக்கு மணநுகர்ச்சி குறைந்திருந்தது. 80 வயதைக் கடந்தவர்களில் இது நூற்றுக்கு 62 பேருக்கும் மேல். ஆனால் தமக்கு இக்குறை இருப்பதாகத் தாமே கூறியவர்கள் பத்தில் ஒருவரிலும் குறைவு. எனவே "எனக்கு மணம் நன்றாகத் தெரிகிறது" என்று ஒரு முதியவர் உறுதியாகக் கூறுவது மட்டும் போதுமான சான்றாகாது.

வயதினால் ஏற்படும் குறைவுக்கு ஒரு தன்மை உண்டு: அது படிப்படியாக வரும். சென்ற மாதம் வரை நன்றாக இருந்த உணர்வு இம்மாதம் முற்றாக இல்லையெனில், அதற்கு வயது காரணமாக இருப்பது அரிது. வேறு காரணம் தேடப்பட வேண்டும்.

மூக்கினுள் தோன்றும் தடைகள்

மணத்துகள்கள் மேலேயுள்ள சவ்வை அடைய வழி திறந்திருக்க வேண்டும். நாட்பட்ட பீனிசம், ஒவ்வாமை, மூக்கினுள் வளரும் சதைமுளைகள் ஆகியவை அவ்வழியை அடைத்துவிடுகின்றன. மூக்கடைப்பு, முகத்தில் பாரம், தொண்டையின் பின்புறம் சளி வடிதல், நாளுக்கு நாள் உணர்வு கூடிக் குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சதைமுளைகள் தோன்றுவது மற்றவர்களைவிட அதிகம்.

சிகிச்சைக்கு நன்கு இணங்கும் காரணம் இதுவே. மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீரோய்டு மூக்குத் தெளிப்பு மருந்துகள், உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், தேவையெனில் அறுவைச் சிகிச்சை ஆகியவற்றால் பலருக்கு மணம் மீண்டும் கிடைக்கிறது. பல ஆண்டுகளாகப் பீனிசத்தைப் பொறுத்துக்கொண்டு வாழ்பவர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. மருந்துச் சீட்டின்றிக் கடையில் கிடைக்கும், அடைப்பை உடனே நீக்கும் தெளிப்பு மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால் அடைப்பு முன்னிலும் கூடும். மூக்கைக் கழுவும் நீர் கொதிக்கவைத்து ஆறியதாகவோ வடித்திறக்கிய நீராகவோ இருக்க வேண்டும்; குழாய் நீரை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது.

ரொறன்ரோவின் நீண்ட குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவி காற்றை உலர்த்திவிடுகிறது. மூக்கின் உட்புறம் வறண்டு, பொருக்குக் கட்டி, மணம் சற்று மங்கலாம். காற்றின் ஈரப்பதத்தை அளவோடு பேணுவது இதற்கு உதவும்.

தொற்றுகளுக்குப் பின்

தடிமன், சளிக்காய்ச்சல் போன்ற வைரசுத் தொற்றுகள் தீர்ந்த பின்னும் சிலருக்கு மணம் திரும்புவதில்லை. மூக்கு திறந்திருக்கும், சளி இருக்காது, ஆனால் மணம் மட்டும் இருக்காது. வைரசு மணநுகர்ச்சிச் சவ்வையே பாதித்துவிட்டமையே இதன் காரணம். நடுவயதைக் கடந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

2020ஆம் ஆண்டில் கோவிட்-19 பரவியபோது இவ்வுண்மை உலகம் முழுதும் தெரியவந்தது. இந்திய நலத்துறை அமைச்சு அவ்வாண்டு யூன் மாதத்தில் மணமும் சுவையும் இழத்தலை நோயின் அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது. அவ்வைரசு நரம்புக் கலங்களைவிட அவற்றைத் தாங்கி நிற்கும் துணைக் கலங்களையே முதலில் தாக்குவதாக ஆய்வுகள் காட்டின. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் உணர்வு திரும்பியது. சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகின்றன.

மீண்டுவரும் காலத்தில் மணங்கள் திரிந்து தோன்றுவதும் உண்டு. கோப்பி, வெங்காயம், பூண்டு, பொரித்த இறைச்சி ஆகியவை அழுகியது போலவோ எரிந்தது போலவோ மணக்கலாம். நாள்தோறும் வெங்காயமும் பூண்டும் தாளிக்கும் வீட்டில் இது பெருந்துன்பம். முதியவர் சமையலறைப் பக்கம் வராமல் ஒதுங்குவதும் உணவை மறுப்பதும் பிடிவாதத்தால் அன்று என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டும். நரம்பு இழைகள் மீண்டும் வளரும்போது இத்திரிபு தோன்றுவதாகக் கருதப்படுகிறது. காலப்போக்கில் இது பெரும்பாலும் குறைகிறது.

தலையில் பட்ட அடி

மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு இழைகள் மிக மெல்லியவை. தலை பலமாக மோதும்போது மூளை சற்று அசைகிறது. அவ்வசைவில் இவ்விழைகள் அறுந்துவிடக் கூடும். வாகன விபத்து, குளியலறையில் வழுக்குதல், உறைபனி படிந்த நடைபாதையில் பின்புறமாக விழுதல் ஆகியவற்றின் பின்னர் இது நேர்வதுண்டு. காயம் ஆறிச் சில வாரங்கள் கழிந்த பின்னரே மணம் இல்லை என்பது தெரியவருவதால், விழுந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதைப் பலர் உணர்வதில்லை.

தலையில் அடிபட்ட பின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால் அதைச் சளி எனக் கருதிவிடக் கூடாது. மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவதாக இருக்கலாம். உடனடியாக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மருந்துகள், பிற நோய்கள், புகை

முதியோர் பலர் நாள்தோறும் பலவகை மருந்துகளை உட்கொள்கின்றனர். இரத்த அழுத்தத்திற்கான சில மருந்துகள், சில நுண்ணுயிர்க்கொல்லிகள், புற்றுநோய்க்கான மருந்துகள் ஆகியவை சுவையையோ மணத்தையோ மாற்றக்கூடும். தலை, கழுத்துப் பகுதிகளில் பெறும் கதிர்ச் சிகிச்சையும் அவ்வாறே. புதிய மருந்து ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் உணர்வு மாறியிருந்தால், அதனை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கூற வேண்டும். ஆனால் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது. மணம் மங்குவதைவிட, இரத்த அழுத்த மருந்தைத் திடீரென நிறுத்துவது பல மடங்கு ஆபத்தானது.

தடிமனுக்காக மூக்கினுள் நேரடியாக இடும் துத்தநாக மருந்துகள் மணநுகர்ச்சியை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடும் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009ஆம் ஆண்டில் எச்சரித்தது. ஊரிலிருந்து வரவழைத்த எண்ணெய்களையோ பொடிகளையோ மூக்கில் இடுமுன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

நீரிழிவு, தைரொயிட்டு சுரப்புக் குறைவு, சிறுநீரக நோய், வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் மணநுகர்ச்சிக் குறைவோடு தொடர்புடையவையாகக் கூறப்படுகின்றன. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றை மிகக் குறைவாக உண்பவர்களுக்கும், நீரிழிவுக்காக மெட்போர்மின் மருந்தை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. எளிய இரத்தச் சோதனையால் இதனை அறியலாம்.

புகைபிடித்தல் மணநுகர்ச்சியைக் குறைக்கும்; நிறுத்தினால் உணர்வு ஓரளவு மீளக்கூடும். கரைப்பான்கள், உலோகத் தூசி, கடுமையான துப்புரவு இரசாயனங்கள் ஆகியவற்றோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கும் பாதிப்பு உண்டு. கனடாவுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் தொழிற்சாலைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் உழைத்தவர்கள் அந்த வேலை வரலாற்றையும் மருத்துவரிடம் கூறுவது பயன்தரும்.

நரம்பு மண்டல நோய்கள்

பார்க்கின்சன் நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மணநுகர்ச்சி குறைந்திருக்கும். பலருக்குக் கை நடுக்கமோ நடையில் தளர்ச்சியோ தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இக்குறை தோன்றிவிடுகிறது. அல்சைமர் நோயின் தொடக்கத்திலும் மணங்களை இனங்காண்பதில் இடர்ப்பாடு ஏற்படுவதுண்டு.

இதனைப் படித்து எவரும் அஞ்சத் தேவையில்லை. மணநுகர்ச்சி குறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய்கள் வருவதில்லை. எனினும் காரணம் தெரியாத மணக்குறைவோடு, அசைவுகள் மெதுவாதல், கை நடுக்கம், கையெழுத்து சிறுத்துப்போதல், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுதல், நீடித்த மலச்சிக்கல், அண்மை நிகழ்ச்சிகளை மறத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்து காணப்பட்டால் அவற்றைத் தனித்தனியாக அன்றி ஒன்றாக மருத்துவரிடம் எடுத்துரைக்க வேண்டும். நினைவு மறதியைக் குடும்பத்தின் இரகசியமாகக் காக்கும் வழக்கம் நோயாளிக்கு உதவுவதில்லை.

வீட்டில் சோதித்தல்

வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். ஆனால் பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் தலைவலித் தைலத்தையோ கற்பூரத்தையோ மூக்கருகே பிடித்து, "தெரிகிறது" என்ற விடையைப் பெற்று அமைதி அடைகின்றனர். இது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். தைலத்தின் குளிர்ச்சியையும் கற்பூரத்தின் நெடியையும் முகத்தின் உணர்ச்சி நரம்பு அறிகிறது. மணநுகர்ச்சி முற்றாக இழந்தவரும் அவற்றை உணர்வார்.

கோப்பித் தூள், ஏலக்காய்ப் பொடி, வறுத்த மல்லித் தூள் போன்றவை ஏற்றவை. கண்களை மூடியிருக்கும்போது, ஒரு நாசியை அடைத்து மறு நாசியின் அருகே பொருளைப் பிடித்து, என்ன மணம் எனக் கேட்க வேண்டும். பின்னர் மறு பக்கம். தடிமன் இருக்கும் நாளில் செய்யும் சோதனைக்குப் பொருள் இல்லை. பல பொருட்களை இனங்காண இயலாவிடில் மருத்துவரைக் காண வேண்டும்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

முதலில் குடும்ப மருத்துவரை நாடலாம். மூக்கு, காது, தொண்டைச் சிறப்பு மருத்துவரைக் காண அவரே பரிந்துரைக் கடிதம் தருவார். ஒன்ராறியோ சுகாதார அட்டை உள்ளவர்களுக்கு இவ்விரு சந்திப்புகளும் கட்டணமற்றவை. மொழி இடராக இருந்தால், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா எனச் சந்திப்பை ஒழுங்குசெய்யும்போதே கேட்பது நல்லது.

காரணத்தை அறிவதில் பாதி வேலை, கேள்விகளுக்கு அளிக்கும் விடைகளிலேயே முடிந்துவிடுகிறது. குறைவு திடீரென வந்ததா, மெதுவாக வந்ததா? அதற்கு முன் தடிமனோ காய்ச்சலோ விழுகையோ இருந்ததா? கூடிக் குறைகிறதா, ஒரே நிலையில் உள்ளதா? ஒரு நாசியிலா, இரண்டிலுமா? எந்த மருந்துகள் எடுக்கப்படுகின்றன? இவற்றின் விடைகளையும் மருந்துகளின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது உதவும்.

சிறப்பு மருத்துவர் மெல்லிய குழாய்க் கருவியால் மூக்கின் உட்புறத்தைப் பார்ப்பார். தேவையெனில் ஊடுகதிர்ப் படங்கள் எடுக்கச் செய்வார். அட்டையில் சுரண்டி முகரும் சோதனையும் நடத்தப்படலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டி குழுவினர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்வகைச் சோதனையில் 40 மணங்கள் உள்ளன. ரூட் பியர் என்னும் பானம், டில் ஊறுகாய் போன்ற வட அமெரிக்க மணங்களும் அவற்றுள் அடங்கும். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ வளர்ந்த ஒருவருக்கு அவற்றின் பெயர் தெரியாதிருப்பது நோயன்று. "இதை நான் ஒருபோதும் முகர்ந்ததில்லை" என்று சோதிப்பவரிடம் தயங்காது கூற வேண்டும்.

மணநுகர்ச்சிப் பயிற்சி

தொற்றுக்குப் பின்னும் அடிபட்ட பின்னும் உணர்வை மீட்க உதவும் ஒரு பயிற்சியை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தோமஸ் ஹும்மல் குழுவினர் ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டசு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் முகர்வதே அப்பயிற்சி. ஒவ்வொன்றையும் சில நொடிகள் முகர்ந்து, அந்த மணம் முன்பு எவ்வாறு இருந்தது என மனத்தில் எண்ண வேண்டும். குறைந்தது 12 வாரங்கள் தொடர வேண்டும்; பல மாதங்கள் தொடர்வது மேலும் நல்லது.

இப்பயிற்சி எல்லோருக்கும் பலன் தருவதில்லை. ஆனால் தீங்கற்றது, செலவற்றது. எண்ணெய்களை முகர்வதோடு நிறுத்த வேண்டும். மூக்கினுள் இடக் கூடாது. தொற்றுக்குப் பின் தொடங்குபவர்கள் காலம் தாழ்த்தாது தொடங்குவது சிறந்தது.

வீட்டுக் காவல்

இயற்கை எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. 1937ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளியில் கசிந்த எரிவாயு எவரும் அறியாமல் நிறைந்து வெடித்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், உயிரிழந்தனர். அதன் பின்னரே எரிவாயுவில் அழுகிய முட்டை போன்ற நாற்றம் சேர்ப்பது கட்டாயமாகிப் பரவியது. அந்த நாற்றத்தை அறிய இயலாதவருக்கு அப்பாதுகாப்பு இல்லை என்பதே பொருள்.

மூக்கின் காவலை மூன்று கருவிகள் ஏற்கலாம். ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

முதலாவது, புகை எச்சரிக்கைக் கருவி. ஒன்ராறியோவின் தீப்பாதுகாப்பு விதிகளின்படி வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் உறங்கும் அறைகளுக்கு வெளியேயும் இது இருக்க வேண்டும். இரண்டாவது, காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி. எரிவாயுவால் இயங்கும் சூடாக்கியோ வீட்டோடு இணைந்த வாகனத் தரிப்பிடமோ இருந்தால் உறங்கும் இடங்களுக்கு அருகே இது கட்டாயம். இந்நச்சு வாயுவுக்கு மணமே இல்லை. நல்ல மூக்கு உள்ளவரும் அறிய இயலாது. மூன்றாவது, எரிவாயுக் கசிவைக் கண்டறியும் கருவி. காபன் மொனொக்சைட்டுக் கருவி எரிவாயுக் கசிவை அறிவிக்காது. ஆகவே எரிவாயு அடுப்பு உள்ள வீட்டில் மணநுகர்ச்சி குறைந்தவர் தனித்திருந்தால் இதனை வாங்கிப் பொருத்துவது நன்று.

வாடகை வீடுகளில் முதல் இரு கருவிகளைப் பொருத்திப் பேணுவது வீட்டு உரிமையாளரின் கடமை. ஸ்காபரோவிலும் பிற பகுதிகளிலும் நிலக்கீழ்த் தள வீடுகளில் வாழும் முதியோருக்கும் இவ்வுரிமை உண்டு. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திக் கருவிகளைச் சோதிக்க வேண்டும்.

எரிவாயு கசிவதாக ஐயம் எழுந்தால் மின்விளக்கைப் போடவோ அணைக்கவோ கூடாது. தீக்குச்சி கிழிக்கக் கூடாது. வீட்டினுள் நின்று தொலைபேசியில் பேசவும் கூடாது. எல்லோரும் வெளியேறிச் சற்றுத் தொலைவில் நின்று 911ஐ அழைக்க வேண்டும்.

சமைக்கும்போது அடுப்பை விட்டு அகலாதிருப்பதும், நேரம் அறிவிக்கும் கருவியை வைத்துக்கொள்வதும், பூசை அறையில் விளக்கு எரியும்போது அறையைத் தனியே விடாதிருப்பதும் நல்ல பழக்கங்கள்.

உணவும் உடல்நலமும்

கெட்டுப்போன உணவை முகர்ந்து அறிய இயலாதபோது நாளைக் கணக்கிட்டே அறிய வேண்டும். மிஞ்சிய சோறு, கறி, பருப்பு ஆகியவற்றை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பாத்திரத்தின்மேல் சமைத்த நாளை எழுதி ஒட்டலாம். மூன்று நாட்கள் கடந்தவற்றை எறிந்துவிடுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்கு மேற்படக் கூடாது.

சுவை தெரியாதபோது உப்பையும் சர்க்கரையையும் கூட்டுவது இயல்பு. இரத்த அழுத்தமும் நீரிழிவும் மிகுந்த முதியோருக்கு அது பெருந்தீங்கு. அதற்கு மாற்றாகத் தேசிக்காய்ச் சாறு, புளி, மிளகு, இஞ்சி ஆகியவற்றைச் சேர்க்கலாம். இவற்றின் புளிப்பும் உறைப்பும் நாக்கிலும் முகநரம்பிலும் உணரப்படுபவை. மொறுமொறுப்பான வறுத்த பருப்பு, பச்சைக் காய்கறிச் சம்பல், வண்ணம் மிகுந்த உணவு ஆகியவையும் உண்ணும் விருப்பத்தைத் தூண்டும். பசி குறைந்து உடல் எடை தொடர்ந்து குறைந்தால் மருத்துவரிடம் கூற வேண்டும்.

குடும்பத்தினரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பேரக்குழந்தையின் தலையை முகரும்போது ஒன்றும் தெரியாதிருப்பதும், தன் உடலில் நாற்றம் வீசுமோ என அஞ்சி விழாக்களுக்குச் செல்லாதிருப்பதும் முதியோர் வெளியே சொல்லாத துயரங்கள். "இந்த வயதில் இது எதற்கு" என்று கூறுவதற்கு மாறாக, ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உதவி.

எப்போது விரைய வேண்டும்

மணம் இழப்போடு முகம் ஒருபுறம் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை அல்லது கால் திடீரெனத் தளர்தல் ஆகியவை தோன்றினால் உடனே 911ஐ அழைக்க வேண்டும். ஒரு நாசியில் மட்டும் நீடித்த அடைப்பு, அடிக்கடி மூக்கிலிருந்து இரத்தம் வடிதல், புதிதாகத் தோன்றிய கடுந்தலைவலி, பார்வை மாற்றம் ஆகியவை இருந்தால் மருத்துவரை விரைந்து காண வேண்டும். இல்லாத புகை மணமோ எரியும் மணமோ அடிக்கடி தோன்றினால், முதலில் வீட்டில் உண்மையாகவே ஏதும் எரிகிறதா எனப் பார்த்துவிட்டு, பின்னர் அதனையும் மருத்துவரிடம் கூற வேண்டும். தடிமன் தீர்ந்து ஒரு மாதம் கழிந்தும் மணம் திரும்பாவிடில் காத்திருக்கத் தேவையில்லை.

உதவி பெறும் எண்கள்

தீ, எரிவாயுக் கசிவு, உயிர் ஆபத்து: 911. எந்நேரமும் தாதியிடம் இலவச சுகாதார ஆலோசனை: 811. தீப்பாதுகாப்பு, வாடகை வீட்டின் எச்சரிக்கைக் கருவிகள் உள்ளிட்ட மாநகரச் சேவைகள்: 311. முதியோர் நிலையங்கள், போக்குவரத்து உதவி, சமூக அமைப்புகள் பற்றிய தகவல்: 211. இவ்வெண்களை அழைப்பவர்கள் "தமிழ்" என்று கூறி மொழிபெயர்ப்பாளர் உதவியைக் கேட்கலாம்.